பத்தாயிரம் சுழற்சிக்குக் கீழே தூங்கும் இயந்திரம்

"சார், ஒய்15-ஐ நல்லா மோடிஃபை பண்ணினா ரேஸ் மோட்டார் மாதிரி ஆயிடுமா?" படிவம் 4 வகுப்பில் ஆண்டுக்கு ஒரு முறையாவது இந்தக் கேள்வி வந்துவிடும். கேட்பவர் கடைசி வரிசைக்காரராகத்தான் இருப்பார். ஆனால் பதிலைக் கேட்க முன்வரிசையும் தலையைத் திருப்பும்.

ஆகாது என்பதுதான் பதில். ஏன் ஆகாது என்று தெரிந்துகொள்ள, பந்தயத்துக்காகவே தொழிற்சாலையில் பிறந்த ஒரு மோட்டாரைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் உங்கள் இயற்பியல் பாடநூலில் பாதி அதற்குள் இருக்கும்.

நாம் எடுத்துக்கொள்ளப் போவது ஹோண்டா ஆர்எஸ்125ஆர். உலக வெற்றியாளர் போட்டியின் 125 சிசி பிரிவுக்காக ஹோண்டா தயாரித்து, தனியார் குழுக்களுக்கு விற்றுவந்த மோட்டார் இது. அந்தப் பிரிவு 2011ஆம் ஆண்டோடு முடிந்தது. 2012 முதல் அதன் இடத்தில் 250 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டார்கள் ஓடும் மோட்டோ3 வந்தது. (அந்த முதல் ஆண்டிலேயே செப்பாங்கில் நம் நாட்டின் சுல்ஃபாமி கைருடின் இரண்டாவதாக வந்தார். அது வேறு கதை.) போட்டியிலிருந்து ஓய்வு பெற்ற ஆர்எஸ்125ஆர்கள் குப்பைக்குப் போகவில்லை. உலகின் பல நாடுகளில் தனியாட்கள் அவற்றை வாங்கிப் பராமரித்து, 'டிராக் டே' எனப்படும் நாள்களில் ஓட்டுகிறார்கள்.

டிராக் டே என்பது பந்தயம் அன்று. கட்டணம் கட்டி, பந்தயத் தடத்தில் உங்கள் சொந்த மோட்டாரை ஓட்டும் நாள். வேகத்துக்கு ஏற்பக் குழுக்களாகப் பிரித்து, 15 அல்லது 20 நிமிடம் ஓட விடுவார்கள். பிறகு அடுத்த குழு. பரிசு கிடையாது. ஆம்புலன்ஸ் உண்டு, கொடி காட்டும் மார்ஷல்கள் உண்டு, தோலாடையும் தலைக்கவசமும் கட்டாயம். சிங்கப்பூரில் நிரந்தரப் பந்தயத் தடம் இல்லாததால் அங்குள்ள ஆர்வலர்களும் எல்லை தாண்டி இங்கே வருகிறார்கள்.

சரி, மோட்டாருக்கு வருவோம். முதலில் கண்ணில் படுவது அதில் இல்லாதவைதான். முன்விளக்கு, ஹார்ன், கண்ணாடி, சாவி, வேகமானி, ஸ்டார்ட்டர் ஒன்றும் இல்லை. நிறுத்தி வைக்க ஒரு கால்கூடக் கிடையாது. பின்சக்கரத்தைத் தனித் தாங்கியில் தூக்கி வைக்க வேண்டும். இயக்க வேண்டுமென்றால் கியரில் போட்டு, கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு ஓடித் தள்ளி, சட்டென்று விட வேண்டும். எண்ணெயும் எரிபொருளும் இல்லாத நிலையில் எடை 70 கிலோவுக்குச் சற்றே மேல். பதிவு எண் வாங்க முடியாது என்பதால் அது ஒருநாளும் சாலையில் ஓடியதில்லை. வேனில் படுத்து வரும், வேனில் படுத்துப் போகும்.

இப்போது கணக்கு. நம் ஊரில் எங்கும் ஓடும் 150 சிசி ஒய்15 சுமார் 15 குதிரைத்திறன் தரும். அதைவிடச் சிறிய 125 சிசி இயந்திரத்தை வைத்துக்கொண்டு ஆர்எஸ்125ஆர் 40 குதிரைத்திறனைத் தாண்டுகிறது. கூடுதல் பெட்ரோலா? மாயமா?

முதல் காரணம் எளிது. ஃபோர் ஸ்ட்ரோக் இயந்திரத்தில் கிராங்க் இரண்டு முறை சுழன்றால்தான் ஒரு வெடிப்பு. டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுழற்சிக்கும் ஒரு வெடிப்பு. சாலை மோட்டார் நிமிடத்துக்கு 8,500 சுழற்சியில் ஓடும்போது விநாடிக்கு ஏறக்குறைய 71 வெடிப்பு. ஆர்எஸ்125ஆர் 12,000 சுழற்சியில் ஓடும்போது விநாடிக்கு 200.

இரண்டாவது காரணம் சுவையானது. அது மோட்டாரின் வயிற்றுக்கடியில் மலைப்பாம்பு இரை விழுங்கியதுபோல் உப்பித் தெரியும் புகைக்குழாய். பழைய யமஹா 125இசட் வைத்திருக்கும் மாமா யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், அந்த எக்சோஸ் குழாயைக் குனிந்து பாருங்கள். இதே வடிவத்தின் சாதுவான தம்பி அங்கே இருக்கும்.

டூ ஸ்ட்ரோக்கில் சிலிண்டர் தலையில் வால்வுகள் இல்லை. சிலிண்டர் சுவரில் துளைகள் மட்டுமே. பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது அவை திறந்து மூடும். புகை வெளியேறும் துளை திறந்திருக்கும்போதே புதிய எரிபொருள் கலவையும் உள்ளே வருகிறது. ஆகவே அதில் ஒரு பகுதி எரியாமலேயே வெளியே ஓடிவிடும். இந்த விரயத்தை எப்படித் தடுப்பது?

1950களில் கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் நிறுவனத்தில் வால்டர் காடன் என்ற பொறியியலாளர் ஒலி அலைகளைக் கொண்டு இதற்குத் தீர்வு கண்டார். புகை வெளியேறும்போது குழாய்க்குள் ஓர் அழுத்த அலை பாய்கிறது. குழாய் விரியும் இடத்தில் அந்த அலையின் ஒரு பகுதி உறிஞ்சும் அலையாகத் திரும்பி வந்து, சிலிண்டரில் மிச்சமிருக்கும் புகையை இழுத்துக்கொள்கிறது. குழாய் மறுபடி குறுகும் இடத்தில் தள்ளும் அலையாக எதிரொலித்து வந்து, வெளியே ஓடிய புதிய கலவையைத் திரும்பவும் சிலிண்டருக்குள் அடைக்கிறது. அடைத்த கணத்தில் பிஸ்டன் துளையை மூடிவிட வேண்டும். அசையும் உறுப்பு எதுவும் இல்லாத ஒரு பம்பு!

1961இல் காடனின் 125 சிசி இயந்திரம் 25 குதிரைத்திறனை எட்டியது. அதாவது லிட்டருக்கு 200; அந்தக் காலத்தில் நம்ப முடியாத எண். அதே ஆண்டு அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கு நாடுகளுக்குத் தப்பி, இந்த நுட்பத்தோடு ஜப்பானின் சுசுகியிடம் போய்ச் சேர்ந்தார். மறு ஆண்டே சுசுகி 50 சிசி உலகப் பட்டத்தை வென்றது. ஓட்டியவரும் டெக்னர்தான். பனிப்போர் காலத்து உளவுப் படம்போல் இருக்கிறது அல்லவா?

அந்தக் குழாயின் நீளத்தை நாமே தோராயமாகக் கணக்கிடலாம். 12,000 சுழற்சியில் ஒரு சுற்றுக்கு 5 மில்லி விநாடி. புகைத்துளை ஏறக்குறைய பாதிச் சுற்றுக்குத் திறந்திருக்கும் என்று வைத்துக்கொண்டால் 2.5 மில்லி விநாடி. சூடான புகையில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 500 மீட்டர் (வகுப்பில் படித்த 340 இங்கே உதவாது, வெப்பம் ஏற ஏற ஒலி வேகமாகும்). அந்நேரத்தில் அலை 1.25 மீட்டர் போகும். போகவும் வரவும் சேர்த்து என்பதால், எதிரொலிக்கும் இடம் 60 சென்டிமீட்டருக்குச் சற்று அப்பால் இருக்க வேண்டும். உண்மையான குழாயை அளந்தால் இந்த அளவுக்குப் பக்கத்திலேயே வரும்.

இதிலேயே வில்லங்கமும் ஒளிந்திருக்கிறது. 6,000 சுழற்சியில் துளை இரு மடங்கு நேரம் திறந்திருக்கும். அலையோ அதே வேகத்தில் முன்கூட்டியே வந்து போய்விடும். வேலைக்கு ஆள் வந்தபோது கடை திறக்கவில்லை என்ற கதை. அதனால்தான் இந்த மோட்டார் சுமார் 10,000 சுழற்சிக்குக் கீழே இருமிக்கொண்டு கிடக்கிறது. அதற்கு மேலே திடீரென்று விழித்துப் பாய்கிறது. ஓட்டுநர் ஆறு கியர்களையும் மாற்றி மாற்றி அந்தக் குறுகிய எல்லைக்குள்ளேயே முள்ளை வைத்திருக்க வேண்டும். வேகமானி இல்லாமல் சுழற்சிமானி மட்டும் இருப்பதன் காரணம் இப்போது புரியும்.

அவ்வளவு சக்தி இலவசமாக வருவதில்லை. பிந்திய மாடல்களில் பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம் 54.5 மில்லிமீட்டர். விநாடிக்கு 200 முறை மேலே போய் நின்று, திரும்பிக் கீழே வந்து நின்று, மறுபடி மேலே. வட்ட இயக்கச் சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள்: பிஸ்டன் திரும்பும் கணத்தில் அதன் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 4,000 மடங்குக்கு மேல். 100 கிராம் பொருள் அந்தக் கணத்தில் 400 கிலோவுக்கு மேல் கனக்கும். ஆகவே பிஸ்டனைச் சில நூறு கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றுகிறார்கள். செப்பாங் தடத்தின் ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர். 20 நிமிடத்தில் ஏழு சுற்று, நாளுக்கு ஐந்து முறை என்றால் 194 கிலோமீட்டர். ஒரே நாள் ஓட்டத்தில் பிஸ்டனின் ஆயுளில் பெரும் பங்கு கரைந்துவிடும். உங்கள் அப்பாவின் கப்சாயை ஐம்பதாயிரம் கிலோமீட்டர் ஓட்டியும் இயந்திரத்தைத் திறந்திருக்க மாட்டார்.

இந்த மோட்டாருக்கு எண்ணெய் தனியாக ஊற்றுவதில்லை. பெட்ரோலிலேயே அளந்து கலக்க வேண்டும். 30 பங்குக்கு 1 பங்கு என்பது பொதுவான கணக்கு. பல பந்தய எண்ணெய்களின் அடிப்படை எது தெரியுமா? ஆமணக்கு. பாட்டி மூக்கைப் பிடித்துப் புகட்டிய அதே விளக்கெண்ணெய்! அதன் மூலக்கூறுகள் உலோகப் பரப்பில் ஒட்டிக்கொண்டு, மிகுந்த வெப்பத்திலும் படலம் கிழியாமல் நிற்கும். காஸ்ட்ரோல் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான்.

இனி வருவது இந்த மோட்டாரை வைத்திருப்பவர்களுக்குத் தூக்கத்தைக் கெடுக்கும் பகுதி: காற்று.

இன்றைய சாலை மோட்டார்களில் கணினி உண்டு. காற்று எவ்வளவு வந்தது என்று அறிந்து அதற்கேற்பப் பெட்ரோலைத் தெளிக்கும். ஆர்எஸ்125ஆரில் இருப்பது கார்புரேட்டர். அதற்குள் 'ஜெட்' எனப்படும் சின்னப் பித்தளைத் திருகு. நடுவில் ஊசித் துளை. துளையின் அளவைக் குறிக்கும் எண் அதன் மேலேயே பொறித்திருக்கும். பெட்ரோல் அந்தத் துளை வழியாகத்தான் போகும். வெயிலா மழையா என்று துளைக்குத் தெரியாது.

செப்பாங்கில் பிற்பகல் இரண்டு மணிக்கு 34 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். அதற்கேற்ற ஜெட்டைப் பொருத்தி ஓட்டுகிறீர்கள். மோட்டார் அருமையாகப் பாடுகிறது. நான்கு மணிக்கு வழக்கமான நம் ஊர் மழை கொட்டுகிறது. ஐந்து மணிக்குத் தடம் காய்ந்து, காற்று 25 டிகிரியில் குளுகுளுவென்று இருக்கிறது. ஓட்டுவதற்கு எவ்வளவு இதமான நேரம்! இந்த மோட்டாருக்கு அதுவே ஆபத்தான நேரம்.

கெல்வினில் மாற்றுங்கள்: 307 இலிருந்து 298. அழுத்தம் மாறாதபோது காற்றின் அடர்த்தி வெப்பநிலைக்கு எதிர் விகிதத்தில் மாறும். 307ஐ 298ஆல் வகுத்தால் 1.03. அதாவது அதே கொள்ளளவுக் காற்றில் இப்போது 3 விழுக்காடு கூடுதல் ஆக்சிஜன். பெட்ரோல் அதற்கு ஈடாகக் கூடவில்லை. கலவை மெலிந்துவிட்டது. பெட்ரோல் எரிவதற்கு மட்டுமல்ல, ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சிப் பிஸ்டனைக் குளிர்விக்கவும் செய்கிறது (உள்ளுறை வெப்பம், நினைவிருக்கிறதா?). எண்ணெயும் அதோடுதான் வருகிறது. ஆகவே பெட்ரோல் பற்றாதபோது வெப்பமும் கூடும், குளிர்ச்சியும் குறையும், வழவழப்பும் குறையும். மூன்றும் ஒரே நேரத்தில்.

மூன்று விழுக்காடுதானே என்று தோன்றலாம். டூ ஸ்ட்ரோக் பந்தய இயந்திரத்தில் அதிகபட்சச் சக்தி கிடைக்கும் இடமும் பிஸ்டன் உருகும் இடமும் பக்கத்துப் பக்கத்து வீடுகள். கலவை மெலிய மெலிய மோட்டார் இன்னும் கூர்மையாக இழுக்கும்; ஓட்டுபவர் மகிழ்ந்துகொண்டிருக்கும்போதே அலுமினியப் பிஸ்டன் விரிந்து சிலிண்டரில் இறுகிவிடும். 'சீஸ்' ஆவது என்று பட்டறைகளில் சொல்வது இதைத்தான். இயந்திரம் நின்றால் சங்கிலி நிற்கும், சங்கிலி நின்றால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். மணிக்கு 180 கிலோமீட்டரில் அது நடந்தால், கிளட்ச்சை இழுத்துச் சக்கரத்தை விடுவிக்க ஒரு கணம்தான் கிடைக்கும். அதனால் டூ ஸ்ட்ரோக் ஓட்டுநர்கள் நேர்த்தடத்திலும் இடக்கையின் இரண்டு விரல்களைக் கிளட்ச்சின் மேலேயே வைத்திருப்பார்கள்.

நீண்ட நேர்த்தடத்தின் முடிவுதான் மிகவும் பயம் தருவது. செப்பாங்கில் அப்படி இரண்டு உண்டு. முழு வேகத்தில் சூடேறிய இயந்திரத்தில், திருப்பத்துக்காக முறுக்கியைச் சட்டென்று மூடினால் பெட்ரோலும் நின்றுவிடும், எண்ணெயும் நின்றுவிடும். கிராங்க் மட்டும் பழைய வேகத்திலேயே சுழன்றுகொண்டிருக்கும்.

எனவே மோட்டார் வைத்திருப்பவர் கையில் வெப்பமானி, ஈரப்பதமானி, காற்றழுத்தமானி இருக்கும். ஒவ்வொரு முறை ஓடி வந்த பிறகும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்ப்பார்கள். பழுப்பு என்றால் நிம்மதி. வெளுத்திருந்தால் உடனே பெரிய ஜெட். கரிபடிந்து கருத்திருந்தால் கலவை தடித்துவிட்டது. மெதுவாக ஓடும், ஆனால் உயிரோடு இருக்கும். ஐயமிருந்தால் தடித்த பக்கமே போவது என்பது இவர்களின் எழுதாத சட்டம்.

நீர்க்குளிர்ப்பிலும் ஒரு வேடிக்கை. சாலை வாகனங்களில் ஊற்றும் பச்சை நிறக் குளிர்விப்பானுக்கு இங்கே இடமில்லை. வெறும் தண்ணீர் மட்டுமே. அதிலுள்ள கிளைக்கால் தடத்தில் சிந்தினால் வழுக்கும், எளிதில் காயவும் செய்யாது. பின்னால் வருபவர் விழுவார். நீரின் வெப்பநிலையை 60 டிகிரியை ஒட்டியே வைத்திருக்க முயல்வார்கள், ஏனென்றால் உள்ளே வரும் கலவை குளிர்ச்சியாக இருந்தால் அடர்த்தி கூடும். நீர் குளிர்ந்துபோனால் ரேடியேட்டரின் ஒரு பகுதியை ஒட்டுநாடாவால் மூடிவிடுவார்கள். பல இலட்சம் மதிப்புள்ள பந்தயக் குழுவின் மோட்டாரிலும் இந்த ஒட்டுநாடாவைப் பார்க்கலாம்!

தடத்தில் ஓட்ட நாள்களில் பிட் பகுதியில் சக்கரங்களுக்குப் போர்வை போர்த்தியிருப்பார்கள். குளிருக்கா? ஏறக்குறைய அப்படித்தான். அது மின்சாரத்தில் சூடாகும் போர்வை. டயரை 80 டிகிரிவரை சூடாக்கும். பந்தய ரப்பர் அந்த வெப்பத்தில்தான் மென்மையாகித் தார்ப்பரப்பின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் புகுந்து பிடிக்கும். குளிர்ந்த டயரோடு முதல் திருப்பத்துக்குப் போனவர் விழுவது டிராக் டேக்களில் வழக்கமான காட்சி.

காற்றழுத்தத்தையும் சூடான பின்னர்தான் அளக்க வேண்டும். 27 டிகிரியில் அழுத்தமானி 1.5 பார் காட்டுகிறது. 80 டிகிரியில் எவ்வளவு காட்டும்? கே-லுசாக் விதி. அழுத்தமானி வளிமண்டல அழுத்தத்தைக் கழித்துக் காட்டுவதால் முதலில் 1ஐக் கூட்டி 2.5 ஆக்குங்கள். அதை 353ஆல் பெருக்கி 300ஆல் வகுத்தால் 2.94. கூட்டிய 1ஐக் கழித்தால் 1.94 பார். தேர்வில் அந்த 1ஐக் கூட்ட மறப்பவர்கள் ஏராளம். இங்கே மறந்தால் டயர் கல்லாகி வழுக்கும்.

திருப்பத்தில் எவ்வளவு சாய வேண்டும்? சாய்வுக் கோணத்தின் டேன்ஜெண்ட் = வேகத்தின் வர்க்கம் ÷ (ஆரம் × g). மணிக்கு 100 கிலோமீட்டரில் 70 மீட்டர் ஆரமுள்ள வளைவு என்றால் விடை சுமார் 1.12; கோணம் 48 டிகிரி. நிறை இந்தச் சூத்திரத்தில் எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். கனமான 1000 சிசி மோட்டாரும் இந்தச் சிறிய மோட்டாரும் ஒரே வேகத்தில் ஒரே அளவுதான் சாய வேண்டும். அந்த 1.12 தான் டயருக்கும் தரைக்கும் இடையே குறைந்தது தேவைப்படும் உராய்வுக் குணகமும். ஒன்றுக்கு மேல்! சூடான பந்தய டயரும் சுத்தமான தடமும் சேர்ந்தால் அது கிடைக்கும். சந்திப்பில் லாரி சிந்திய டீசலும், வளைவோர மணலும், வெள்ளைக் கோட்டுச் சாயமும், சூடேறாத டயரும் உள்ள கூட்டரசுச் சாலையில் அதே கோணத்தில் சாய்ப்பவர், தரையில் இல்லாத உராய்வை நம்பிச் சாய்கிறார். எதிர்ப்புறத்தில் வண்டி வருவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிரேக்கைப் பற்றிச் சுருக்கமாக: மோட்டாரும் ஓட்டுநரும் சேர்ந்து 140 கிலோ, 200 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 70க்கு இறங்கினால் 190 கிலோஜூல் இயக்க ஆற்றல் வெப்பமாக வேண்டும். குழாய்த் தண்ணீர் 600 மில்லிலிட்டரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம் அது. அத்தனையும் சில விநாடிகளில், பெரும்பாலும் முன்சக்கரத்திலுள்ள ஒற்றைத் தட்டில். எடை குறைவு என்பதால்தான் ஒரு தட்டு போதுகிறது.

மாலையில் மற்றவர்கள் மோட்டாரைத் துடைத்துவிட்டுச் சாப்பிடப் போகும்போது ஆர்எஸ்125ஆர் வைத்திருப்பவருக்கு வேலை மிச்சமிருக்கும். கலந்த பெட்ரோலை வைத்திருக்க முடியாது. விளக்கெண்ணெய் நாள்பட்டால் பிசினாகிவிடும். தொட்டியையும் கார்புரேட்டரையும் காலி செய்ய வேண்டும். திருகுகள் அதிர்வில் கழன்றுவிடாமல் கட்டிய மெல்லிய கம்பிகளைச் சரிபார்க்க வேண்டும். பிறகு குறிப்பேடு. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு வரி: நேரம், வெப்பநிலை, ஈரப்பதம், காற்றழுத்தம், ஜெட் எண், பிளக்கின் நிறம், டயர் அழுத்தம், பிஸ்டனும் கிராங்க்கும் இதுவரை ஓடிய கிலோமீட்டர். இப்படிப்பட்ட மோட்டாரை யாராவது விற்க வந்தால், விவரம் தெரிந்தவர்கள் மோட்டாரைச் சுற்றிப் பார்ப்பதற்கு முன் அந்தக் குறிப்பேட்டைத்தான் கேட்பார்கள். குறிப்பேடு இல்லையென்றால் கிராங்க், பிஸ்டன் எல்லாம் புதிதாக வாங்கும் செலவைக் கேட்ட விலையோடு கூட்டிக்கொண்டுதான் பேரம் பேசத் தொடங்குவார்கள்.